மேலே வராத ஆறு பேர்

71 பேரை நான் 65 ஆக்கினேன். தயாரிப்பாளர் சொல்லவில்லை, இயக்குநர் சொல்லவில்லை. சென்னையில் வாடகை அறையில் உட்கார்ந்து நானேதான் அதைச் செய்தேன்.

2015-இல் ராணிகஞ்ச் மீட்பை வைத்துத் திரைக்கதை எழுதிக்கொண்டிருந்தேன். 1989 நவம்பர் 13-ஆம் தேதி மேற்கு வங்கத்தின் மகாபீர் நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து 71 பேர் உள்ளே சிக்கினார்கள். ஜஸ்வந்த் சிங் கில் என்ற பொறியாளர், மேலிருந்து புதிதாக ஒரு துளை போடவைத்து, ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இரும்புக் கூண்டு செய்யச்சொல்லி, அதில் தானே இறங்கினார். ஒவ்வொருவராக 65 பேரை மேலே அனுப்பிவிட்டுக் கடைசியாக அவர் வந்தார். ஆறு பேர் வெள்ளத்தில் போய்விட்டார்கள்.

அந்த ஆறு பேர் என் கிளைமாக்ஸைக் கெடுத்தார்கள். அதனால் சிக்கியவர்களே 65 பேர் என்று எழுதிவிட்டேன். எல்லோரும் பிழைத்தார்கள், படம் சுபம்.

மந்தாரக்குப்பம் வந்து வீட்டில் படித்துக் காட்டினேன். அப்பா சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் பிரிவில் முப்பது வருடம் இருந்தவர். நெய்வேலி திறந்தவெளிச் சுரங்கம். ராணிகஞ்ச் போல ஆள் உள்ளே மாட்டிக்கொள்ளும் குகை இல்லை. ஆனால் பகைவன் ஒருவன்தான், தண்ணீர். பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் நிற்கும் ஊற்று, சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் மேல்நோக்கி முட்டுகிறது. சுற்றிலும் ஆழ்குழாய்க் கிணறு போட்டு இரவு பகலாக இறைத்து அதைத் தணித்தால்தான் மேலே இயந்திரம் நிற்கும். இறைப்பது நின்றால் சுரங்கத்தின் தரையே பிளந்துகொண்டு வரும். அடைமழை இரவுகளில் அப்பா ஷிப்ட் முடிந்தும் வராதபோது, அம்மா குடையோடு தெருமுனையில் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. இதெல்லாம் தெரிந்த பிள்ளைதான் அந்தக் கணக்கை மாற்றினேன்.

படித்து முடித்ததும் அப்பா கேட்டார். "எழுபத்தொண்ணு இல்லடா? அப்போ பேப்பர்ல வந்துச்சே. இங்க கேன்டீன்ல மாசக்கணக்கா அதே பேச்சுதான்."

சினிமாவுக்காகக் கொஞ்சம் மாத்தியிருக்கேன் என்றேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பலாச்சுளையிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள்.

"அந்த ஆறு பேர் பொண்டாட்டியும் அங்கதான நின்னிருப்பாங்க? ஒவ்வொரு தடவ கூண்டு மேல வரும்போதும் பாத்திருப்பாங்க. கடைசியா அந்த ஆபீசர் வந்துட்டாருன்னா, இனிமே யாரும் வரமாட்டாங்கன்னுதான அர்த்தம்?"

நான் கைதட்டலுக்காக வைத்திருந்த காட்சி அது.

கில் என்ற மனிதரையே நான் குறைத்திருக்கிறேன் என்பதும் அப்போதுதான் உறைத்தது. ஏற்கெனவே ஆறு உயிர் போன சுரங்கத்துக்குள் அவர் இறங்கினார். அந்தச் சாவை எடுத்துவிட்டால் அவர் துணிச்சலுக்கு எடை ஏது? 1991-இல் அவருக்குத் தரப்பட்ட சர்வோத்தம் ஜீவன் ரக்‌ஷா பதக்கம், ஆபத்தை அறிந்தே இறங்கியவருக்கானது.

திரும்ப எழுதினேன். படம் நடக்கவில்லை. 2023-இல் இந்தியில் 'மிஷன் ராணிகஞ்ச்' வந்தது. அடுத்த வருடம் கொடைக்கானல் குணா குகை மீட்பை வைத்து 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்து, மலையாளப் படத்துக்குத் தமிழ்நாடே திரண்டது. 2006-இல் நடந்த அந்த மீட்பில் விழுந்தவர் உயிரோடு கிடைத்தார். அதைக் கண்ணீரோடு கொண்டாடலாம். என் கதைக்கு அந்த உரிமை முழுசாக இல்லை.

இரண்டாம் படியில் கில் வெளியே வந்ததும் கூட்டம் அவரைத் தூக்கிக்கொண்டு போகிறது. ஒருத்தி மட்டும் துளையைப் பார்த்தபடி நிற்கிறாள். போன பொங்கலுக்கு அதை வீட்டில் படித்தேன்.

"அவள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக யாராவது வந்தாங்களா?" என்றாள் அம்மா.

எழுதவில்லை என்றேன்.

"எழுது" என்றாள்.