திரைக்குள் நாலு அறைகள்

ஒரே கூடம் உள்ள வீட்டில் காலையில் அங்கேதான் காய் நறுக்குவார்கள். மாலையில் பிள்ளைகள் படிப்பார்கள். இரவில் பாய் விரிப்பார்கள். ஒன்றை ஒதுக்கினால்தான் இன்னொன்றுக்கு இடம். கம்ப்யூட்டர் திரையும் அப்படியொரு கூடம்தான்.

அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ஸ்டூவர்ட் கார்ட், ஆஸ்டின் ஹென்டர்சன் இருவரும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஒவ்வொரு வேலைக்கும் தனித் திரை. கதவு வழியே போவதுபோல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகலாம். 1986-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் அதன் பெயரே 'ரூம்ஸ்'. இப்படிப்பட்ட வசதி மேக்கில் 2007-லும், விண்டோஸில் 2015-லும் வந்தது.

விண்டோஸ் பட்டன், கன்ட்ரோல், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புது டெஸ்க்டாப் திறக்கும். டி-க்குப் பதில் இடது, வலது அம்புக்குறியை அழுத்தினால் அறை மாறலாம். அறைக்குப் பெயர் வைக்கலாம். விண்டோஸ் 11-ல் ஆளுக்கொரு வால்பேப்பரும் மாட்டலாம்.

வீட்டிலிருந்தே சில கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு பார்க்கும் பெண் ஒருவர். அவர் பில் ஃபைலைத் தேடும்போதெல்லாம் அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட் குறுக்கே வந்து நிற்கும். அதில் நாலு வரி படித்துவிட்டுத் திரும்பினால், கூட்டலை எங்கே விட்டோம் என்று தெரியாது. நாள் முழுக்க அப்பாவை நினைத்துக் கவலைப்பட்டார். ஆனால், ரிப்போர்ட்டை ஒருமுறைகூட முழுசாகப் படித்ததில்லை.

இப்போது முதல் அறை கணக்குக்கு, இரண்டாவது மெயிலுக்கு, மூன்றாவது மகளின் படிப்புக்கு, நாலாவது அப்பாவுக்கு. மாலை ஏழு மணிக்கு அந்த நாலாவது அறைக்குப் போகிறார். நிதானமாகப் படித்து, டாக்டரிடம் கேட்க வேண்டியதைத் தாளில் எழுதி வைக்கிறார்.

அறைகள் கூடியதால் மெதுவான கம்ப்யூட்டர் வேகமாகிவிடாது. திறந்தவை எல்லாம் பின்னால் ஓடிக்கொண்டுதான் இருக்கும். இந்த அறைகளுக்குப் பூட்டும் கிடையாது. கீபோர்டைத் தொடுகிற யாரும் உள்ளே வரலாம்.

இன்னொன்று: ஒரு டெஸ்க்டாப்பை மூடினால் அதில் இருந்தவை மறைந்துவிடாது, பக்கத்து அறைக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். கவலையும் அப்படித்தான். கதவைச் சாத்தினால் போகாது. அதற்கென்று ஒரு நேரம் ஒதுக்கி, உள்ளே போய் உட்கார்ந்து பார்த்தால்தான் கொஞ்சமாவது குறையும்.