முதுமாணிக் கோப்பு

போன மாதம் தெமட்டகொடையில் ஒரு கலியாண வீட்டில், பழகிய ஒருவர் தன் மருமகனுக்கு என்னை அறிமுகம் செய்துவைத்தார்: "இவர்தான் ஜேர்மனிக்கு ஃபோம் நிரப்பிக் குடுக்கிற சேர்." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மருமகனும் மரியாதையாகத்தான் கைகொடுத்தார். ஆனாலும் அந்தப் பேச்சு எனக்குள் தைத்துவிட்டது. என் ஜேர்மன் வகுப்பை இந்த வருடத்தோடு நிறுத்துகிறேன். நிறுத்துமுன், நான் செய்து வந்தது என்ன வேலை என்று எழுதிவைக்க வேண்டும்.

பேஸ்லைன் வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கையில், ரயில் சத்தம் கேட்கும் முன்னறைதான் என் வகுப்பு. வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் ஏ1 என்ற முதல் படியைப் படித்தவர்கள். துணையிடம் போய்ச் சேர விரும்புகிறவர் புறப்படுமுன்பே அடிப்படை ஜேர்மன் கற்றிருக்க வேண்டும் என்று 2007 ஆகஸ்டில் ஜேர்மனி சட்டம் கொண்டுவந்தது. அதன் பிறகு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஒழுங்கைக்கு ஒரு வகுப்பு முளைத்தது. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்து லொட்ஜிலும் உறவினர் வீட்டிலும் தங்கிப் படித்த மணப்பெண்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை நான் குறைவாக நினைக்கவில்லை; அந்த வருமானத்தில்தான் வீடு நடந்தது. ஆனால் என் மனம் முழுக்க இருந்தது மூலையில் கிடந்த மற்ற மேசையில். ஜேர்மன் மொழியையும் இலக்கியத்தையும் முதுமாணி வரை படிக்கப் போகிறேன் என்று வருடத்துக்கு ஓரிருவர் வருவார்கள். அவர்களுடைய கோப்பைக் கட்டுவது தனித் தொழில்.

முதுமாணி அனுமதிக்கு என்ன வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் உடனே பத்திரங்களை அடுக்குவார்கள். பட்டச் சான்றிதழ், ட்ரான்ஸ்கிரிப்ட், சி1 மொழிச் சான்றிதழ், ஊக்கக் கடிதம், இரண்டு சிபாரிசுக் கடிதம், வாழ்க்கைச் செலவுக்கான முடக்கக் கணக்கில் 11,904 யூரோ. எல்லாம் சரிதான். வெளிநாட்டுக் கல்வியை மதிப்பிடும் அனாபின் தரவுத்தளத்தில் நம் பல்கலைக்கழகத்துக்கு நேரே அங்கீகாரக் குறியான எச் பிளஸ் இருக்கிறதா என்று பார்க்கவும் இன்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஒவ்வொரு பத்திரத்தையும் அங்கே மேசையில் வைத்துப் பார்க்கிறவர் என்ன தேடுகிறார் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

கிரடிட்டை எடுத்துக்கொள்வோம். அவர்கள் இளமாணிக்குக் குறைந்தது 180 ஈ.சி.டி.எஸ்., அதாவது ஐரோப்பியக் கிரடிட், கேட்கிறார்கள். நம்முடைய பொதுப் பட்டம் மூன்று வருடம், 90 கிரடிட். சிறப்புப் பட்டம் நான்கு வருடம், 120. பிள்ளை இந்த இலக்கங்களைப் பார்த்தவுடனே, தன்னிடம் பாதிதான் இருக்கிறது என்று முகம் வாடிவிடும். ஒரு முகவர் நிலையம் இப்படிப் பயமுறுத்தியே ஒரு பெடியனை மேலதிக டிப்ளோமாவில் சேர்த்துக் காசு வாங்கியதும் எனக்குத் தெரியும். உண்மை என்ன? இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் ஒரு கிரடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல். ஐரோப்பியக் கிரடிட் 25 முதல் 30 மணித்தியாலம். நம்முடைய 90 கிரடிட்டைப் பெருக்கினால் 4,500 மணித்தியாலம். அவர்களுடைய 180-ஐ 25-ஆல் பெருக்கினாலும் அதே 4,500. சிறப்புப் பட்டத்தின் 120, அவர்களுடைய 240-க்கு நிகராக நிற்கும். இந்தக் கணக்கைச் சட்டகத்தின் பக்க இலக்கத்தோடு ஒரு தாளில் எழுதி ட்ரான்ஸ்கிரிப்ட்டுக்குப் பின்னால் வைக்கும் வழக்கத்தை நானாகத்தான் தொடங்கினேன். எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் கிடையாது. வைத்த கோப்புக்கும் வைக்காத கோப்புக்கும் உள்ள வேறுபாட்டை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

புள்ளிகளும் அப்படியே. அங்கே 1 தான் உச்சம், 4 சித்தி எல்லை. நம் ஜீ.பி.ஏ.யை மாற்றப் 'பவேரிய வாய்பாடு' என்று ஒன்று உண்டு. உச்சத்திலிருந்து நம் புள்ளியைக் கழித்து, உச்சத்துக்கும் சித்தி எல்லைக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். உச்சம் 4.00, எல்லை 2.00. ஜீ.பி.ஏ. 3.30, அதாவது இரண்டாம் வகுப்பு மேல்நிலை எடுத்த பிள்ளைக்கு 2.05 வரும். 3.00 எடுத்தவருக்குச் சரியாக 2.5. பல முதுமாணித் திட்டங்கள் கோடு கிழிப்பது அந்த 2.5-இல்தான். ஆகவே இரண்டாம் வகுப்புக் கீழ்நிலையின் அடிவாசலில் நிற்கிற பிள்ளை தப்பித்துவிடும், 2.98 எடுத்த பிள்ளை வெளியே நிற்கும். இறுதியாண்டில் "ஒரு பாடம்தானே சேர்" என்று திரும்ப எழுதாமல் விடுகிறவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வற்றிவிட்டது.

மொழிச் சான்றிதழைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. டெஸ்ட்டாஃப் பரீட்சை என்றால் நான்கு பகுதியிலும் டி.டி.என். 4, டி.எஸ்.எச். என்றால் இரண்டாம் படி, அல்லது கொய்தேயின் சி1, சில இடங்களில் சி2. படித்தால் வரும்.

பெரும் தடை பாடப்பொருள். சி1 கையில் இருந்தால் ஜேர்மன் இலக்கிய முதுமாணிக்குப் போகலாம் என்று இங்கே ஒரு நம்பிக்கை உலாவுகிறது. கணக்கியல் பட்டம் வைத்துக்கொண்டு, "ஜேர்மன் நல்லாப் பேசுவன் சேர்" என்று வருவார்கள். நன்றாகப் பேசுவது அங்கே தெருவில் போகிற எல்லாருக்கும் வரும். இலக்கியமும் மொழியியலும் பட்டப்படிப்பில் எவ்வளவு படித்தாய் என்பதுதான் அவர்களுடைய கேள்வி. அதற்கு ஜேர்மனைப் பாடமாகப் படித்த பட்டம் வேண்டும். இந்த நாட்டில் அதற்குக் களனி, சப்ரகமுவ என்று மிகச் சில இடங்கள்தான். யாழ்ப்பாணத்துப் பிள்ளையோ மட்டக்களப்புப் பிள்ளையோ தன் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் அதைப் படிக்க வழியில்லை. உயர்தரத்தில் ஜேர்மன் ஒரு பாடமாக இருக்கிறது என்பதே எத்தனை தமிழ்ப் பாடசாலை அதிபர்களுக்குத் தெரியும்?

இவை எல்லாவற்றையும்விட என்னைக் கடைசிவரை வாட்டியது ஊக்கக் கடிதம். ஒன்றரைப் பக்கம், கூடினால் இரண்டு. "இதைக் கொஞ்சம் நீங்களே எழுதித் தாங்கோவன் சேர், உங்களுக்கு ஒரு மணித்தியால வேலைதானே" என்பார்கள். நான் ஒருபோதும் எழுதிக் கொடுத்ததில்லை. அதனால் மாணவர்களை இழந்திருக்கிறேன்; ஒரு தகப்பன் என் வீட்டு வாசலில் நின்று சத்தம் போட்டுவிட்டும் போயிருக்கிறார்.

ஏன் எழுதிக் கொடுக்கவில்லை என்று சொல்ல என் ஆசிரியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொட்டாஞ்சேனையில், புனித லூசியாள் பேராலயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு மேல்மாடியில் இருந்தார். துறைமுகத்தில் கப்பல் கம்பனி ஒன்றில் ஜேர்மன் கடிதப் போக்குவரத்து பார்த்து ஓய்வு பெற்றவர். குருமடத்தில் சில காலம் இருந்தபடியால் இலத்தீனும் தெரியும். பெயர் போட்டால் அவருக்குப் பிடிக்காது, விட்டுவிடுகிறேன். அவரிடம் போன முதல் நாளில் இலக்கணப் புத்தகத்தை மூடி வைக்கச் சொன்னார். வொல்ஃப்காங் போர்ஷர்ட் 1946-இல் எழுதிய 'பாண்' என்ற சிறுகதையைக் கொடுத்தார். போரிலும் சிறையிலும் உடம்பு கெட்டு, மறு வருடமே 26 வயதில் இறந்துபோனவர் போர்ஷர்ட். கதை இரண்டு மூன்று பக்கம்தான். இரவு இரண்டரை மணிக்கு ஒரு கிழவி விழிக்கிறாள். குசினியில் கிழவர் நிற்கிறார். பங்கீட்டுப் பாணைக் களவாக வெட்டித் தின்றிருக்கிறார்; ஏதோ சத்தம் கேட்டு வந்ததாகச் சொல்கிறார். அவளும் சத்தம் கேட்டதுபோலவே பேசுகிறாள். மறுநாள் இரவு தன் பங்கிலிருந்து ஒரு துண்டை அவர் பக்கம் தள்ளுகிறாள்.

சொல்லெல்லாம் எளிது. ஒரு மாலையிலேயே படித்து முடித்துவிட்டேன். "விளங்கிவிட்டது சேர்" என்றேன். அவர் கேட்டார்: "அவளுக்கு எப்ப தெரியும்?" நான் விளக்கத் தொடங்கினேன். கையை உயர்த்தி நிறுத்தினார். "விளக்கம் வேண்டாம். வரியைக் காட்டு."

அந்த வரியைக் காட்டப் பல வாரம் போயிற்று. மேசை விரிப்பில் பாண் துகள் கிடக்கிறது. தினமும் படுக்கப் போகுமுன் விரிப்பைத் துடைத்து வைப்பவள் அவள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற வாசகனுக்கு, அவளுக்கு எந்த இடத்தில் தெரிந்துவிட்டது என்பது தெரியும். அவள் வாய் திறந்து சொல்வதே இல்லை. பிறகு கேள்விகள் தொடர்ந்தன. விளக்கை அணைத்தது யார்? ஏன் அணைக்க வேண்டும்? அவர் பொய் சொல்லும்போது அவள் எங்கே பார்க்கிறாள்? ஒவ்வொன்றுக்கும் வரியைக் காட்ட வேண்டும். காட்டிய பிறகு அதைப் பற்றி ஜேர்மனில் பத்து வரி எழுத வேண்டும். எழுதியதை அவர் திருத்தித் தரவே மாட்டார். பிழை உள்ள வரிக்கு நேரே ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். இரண்டு பிழை என்றால் இரண்டு புள்ளி. என்ன பிழை என்பதை நானே கண்டுபிடித்து வர வேண்டும். 'பாண்' கதையை விட்டு அடுத்த கதைக்குப் போக விடுவதற்குள் அந்தக் குசினி எனக்கு எங்கள் வீட்டுக் குசினியைவிடப் பழகிவிட்டது. எழுபதுகளில் விடியப் பாணுக்கு வரிசையில் நின்றவன் நான். அந்தப் பசியை இன்னொரு நாட்டுக்காரன் இவ்வளவு குறைந்த சொல்லில் எழுதியிருக்கிறான் என்பது என்னை இந்த மொழியோடு கட்டிப்போட்டது. மேற்படிப்புக்குப் போக எனக்கு வாய்க்கவில்லை. ஆனால் முதுமாணி வகுப்பொன்றின் கருத்தரங்கில் என்ன நடக்கும் என்பதை அந்த மேல்மாடியில் நான் அறிந்துகொண்டேன்.

ஊக்கக் கடிதத்தில் அவர்கள் தேடுவதும் இதைத்தான். ஆசைப்படுகிறாயா என்று யாரும் கேட்கவில்லை. ஒரு பிரதியை எடுத்து வைத்து, வரியைக் காட்டி, உன் சொந்தப் பேச்சில் அதைப் பற்றிச் சொல்ல முடியுமா என்பதே கேள்வி. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மொழி, இலக்கிய முதுமாணிக்கு எழுத்து மாதிரி என்று ஒரு நீண்ட கட்டுரையை வெளிப்படையாகவே கேட்கின்றன. ஜேர்மன்காரர்கள் பெரும்பாலும் கடிதத்துக்குள்ளேயே அதைப் பார்த்துவிடுகிறார்கள்.

2022-இல் ஒரு பிள்ளை வந்தாள். களனியில் ஜேர்மன் சிறப்புப் பட்டம் முடித்தவள், தெமட்டகொடையில் போர்டிங். ரூபாய் சரிந்து, விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் யூனி-அசிஸ்டின் 75 யூரோக் கட்டணமே ஒரு மாதச் செலவாகத் தெரிந்த காலம். முகவர் நிலையம் எழுதிக் கொடுத்த கடிதத்தைக் கொண்டுவந்தாள். ஜேர்மனி உயர்ந்த கல்விக்குப் பெயர்போன நாடு, சிறுவயது முதல் அதன் கலாசாரத்தில் எனக்கு ஈடுபாடு, என் நாட்டுக்குத் திரும்பிச் சேவை செய்வேன். பிழையில்லாத ஜேர்மன். யாருடைய பெயரையும் கீழே போடலாம். நான் அதை ஒதுக்கி வைத்துவிட்டு, நீ படித்ததில் எதை மறக்க முடியவில்லை என்று கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜேர்மன் மிஷனரி சீகன்பால்க்கைப் பற்றி ஒரு விரிவுரையில் கேட்டதையும், கார்ல் கிரவுல் 1856-இல் திருக்குறளை ஜேர்மனில் வெளியிட்டதையும், தமிழ் படித்த ஜேர்மன்காரர்களைப் பற்றி ஊரில் யாரும் தனக்குச் சொல்லவில்லையே என்பதையும் சொன்னாள். கிரவுல் லைப்சிக் மிஷனை நடத்தியவர். அவள் விண்ணப்பிக்கப் பார்த்த இடமும் லைப்சிக். முகவர் அதை எழுத விடவில்லையாம்: "இதெல்லாம் விசாவுக்கு உதவாது, தங்கச்சி."

கிரவுலின் ஒரு குறளை எடுத்து, அவர் எதை விட்டார், எதைச் சேர்த்தார் என்று எழுதச் சொன்னேன். ஓரத்தில் புள்ளி வைத்துத் திருப்பிக் கொடுத்தேன். அழுதாள், திரும்ப எழுதினாள். அனுப்பிய இடங்களில் ஒன்றில் இடம் கிடைத்தது. அந்தக் கடிதத்தைத்தான் நேர்காணலில் முதலில் எடுத்துப் பேசினார்களாம்.

இன்று அந்த அழுகைக்கு யாரும் தயாரில்லை. மூன்று மாதத்தில் பி2 என்று பஸ் தரிப்பிடத்தில் பதாகை தொங்குகிறது. வாய்மொழிப் பரீட்சைக்கு வந்த கேள்விகளை வாட்ஸ்அப்பில் சேர்த்துப் பாடமாக்குகிறார்கள். கடிதத்தைக் கணினி அரை நிமிடத்தில் எழுதித் தந்துவிடுகிறது, முகவரின் கடிதத்தைவிட நன்றாகவே. அப்படிப் போனவர்கள் முதல் அரையாண்டுக் கருத்தரங்கில் வாய் திறக்க முடியாமல் இருந்துவிட்டு, இரவில் எனக்கு அழைப்பு எடுக்கிறார்கள். அந்த நேரத்தில் தொலைபேசியில் நான் என்ன செய்ய முடியும்?

பிள்ளைகளை மட்டும் குறைசொல்லவும் மனம் வரவில்லை. பாடவிவரத்தை ஆங்கிலத்தில் எழுதி, எந்த நூல்கள் படிப்பிக்கப்பட்டன, எத்தனை மணித்தியாலம் என்று ட்ரான்ஸ்கிரிப்ட்டோடு சேர்த்துத் தர ஒரு பீடத்துக்கு எவ்வளவு செலவாகும்? அதைக் கேட்டுப் போன என் மாணவனை ஒரு அலுவலகத்தில் மூன்று மேசைக்கு அலைய விட்டு, கடைசியில் அப்படியொன்று இல்லை என்று அனுப்பினார்கள். அதற்குள் விண்ணப்ப முடிவுத் திகதியான ஜூலை 15 கடந்துபோயிற்று. சிபாரிசுக் கடிதம் கேட்டுப் போனால், "நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்து வைக்கிறேன்" என்கிற விரிவுரையாளர்கள் பெருகிவிட்டார்கள். நாலு வருடம் படிப்பித்த பிள்ளையைப் பற்றி ஒரு பக்கம் எழுத நேரமில்லை என்றால், அந்தப் பிள்ளை தன் கடிதத்தைத் தானே எழுத வேண்டும் என்று நான் எந்த முகத்தோடு சொல்வது?

இந்த வருடம் இரண்டு கோப்பு மேசையில் இருக்கிறது. இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டேன்: விரிவுரையாளர் தன் கையால் எழுதித் தரும்வரை அவர் அறை வாசலில் நில்லுங்கள், நானும் கூட வருகிறேன்.