கிற்றாரைக் கீழே வைத்தவரும் மீண்டும் எடுத்தவரும்

புகழ்பெற்ற ஒருவர் இஸ்லாத்தைத் தழுவிவிட்டார் என்ற செய்தி கிடைத்தால் போதும், கிண்ணம் வென்ற கிரிக்கெட் அணியைப் போல அவரைத் தோளில் தூக்கி ஊர்வலம் போகத் தொடங்கிவிடுவோம். நிலவில் இறங்கிய நீல் ஆம்ஸ்ட்ரோங் அங்கே பாங்கொலி கேட்டு முஸ்லிமானார் என்ற கதையை எத்தனை மேடைகளில் கேட்டிருப்போம்! ஆம்ஸ்ட்ரோங் அதை மறுத்தார். 1983இல் அமெரிக்க வெளிவிவகாரத் திணைக்களம் முஸ்லிம் நாடுகளிலுள்ள தனது தூதரகங்களுக்கு அந்த மறுப்பை எழுத்திலேயே அனுப்பியது. அதன் பிறகும் கதை சாகவில்லை. நமது மார்க்கத்தின் உண்மைக்கு ஒரு விண்வெளி வீரரின் சாட்சி எதற்கு என்று நாம் நம்மைக் கேட்டுக்கொள்வதுமில்லை.

இந்தப் பட்டியலில் பொய்க் கலப்பில்லாத ஒரு பெயர் உண்டு. கெற் ஸ்டீவன்ஸ் என்று உலகம் அறிந்திருந்த, பின்னர் யூசுப் இஸ்லாம் ஆன ரொக் பாடகரின் பெயர் அது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊருக்குப் பயான் செய்ய வருகிறவர்கள் அவரைப் பற்றிச் சொல்வார்கள். கோடிகளை உதறினார், கிற்றாரை விட்டெறிந்தார், தாடி வைத்தார் என்பதோடு கதை முடிந்துவிடும். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் 'ஸுப்ஹானல்லாஹ்' என்பார்கள். ஆனால் அந்த மனிதர் அந்த இடத்தில் முடிந்துபோகவில்லை. நாம் முற்றுப்புள்ளி வைத்த இடத்திலிருந்து நாற்பது வருடங்களுக்கு மேல் அவர் நடந்து வந்திருக்கிறார். அந்த நடைதான், ஓர் ஊர்ப் பாடசாலையில் ஆங்கிலம் கற்பிக்கும் என்னை நெடுநாளாக யோசிக்க வைத்துக்கொண்டிருக்கிறது.

அவர் 1948இல் லண்டனில் பிறந்தவர். ஸ்டீவன் டிமிட்ரி ஜோர்ஜியு என்பது இயற்பெயர். தகப்பன் சைப்ரஸைச் சேர்ந்த கிரேக்கர், ஓர்தொடொக்ஸ் கிறிஸ்தவர். தாய் சுவீடன் நாட்டவர், பப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். பிள்ளையைச் சேர்த்ததோ கத்தோலிக்கப் பாடசாலையில். ஒரே வீட்டுக்குள் மூன்று வழிபாட்டு முறைகளைக் கண்டு வளர்ந்த பையன் அவர். 1967இல், பத்தொன்பது வயதும் நிரம்பாத நிலையில், அவரது பாடல் பிரித்தானியப் பட்டியலில் இரண்டாம் இடம்வரை போயிற்று. புகழ் வந்தது, குடியும் இரவு வாழ்க்கையும் கூடவே வந்தன. 1969இல் கசநோய் வந்தது. ஆஸ்பத்திரியில் சில மாதங்கள், பிறகு ஏறக்குறைய ஒரு வருட ஓய்வு. இருபது வயதில் சாவைப் பக்கத்துக் கட்டிலில் கண்ட அந்தக் காலத்தில்தான் நான் யார், எங்கே போகிறேன் என்ற கேள்விகள் அவருக்குள் முளைத்தன. பௌத்தம், தியானம், சீனத்துக் குறி நூல், எண்சாத்திரம் என்று கைக்கெட்டியதையெல்லாம் தேடிப் படித்தார். 1975இல் எண்களின் தத்துவத்தை வைத்தே ஓர் இசைத்தட்டை வெளியிட்டார் என்றால் அந்தத் தேடலின் தீவிரத்தைப் புரிந்துகொள்ளலாம்.

அடுத்து நடந்ததை அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். 1970களின் நடுப்பகுதியில் ஒருநாள் கலிபோர்னியாவின் மலிபு கடற்கரையில் நீந்தப் போனவரை நீரோட்டம் உள்ளே இழுத்துக்கொண்டு போயிற்று. கரைக்குத் திரும்ப உடம்பில் பலமில்லை. கடவுளே, என்னைக் காப்பாற்றினால் உனக்காக உழைப்பேன் என்று நேர்ந்துகொண்டார். ஓர் அலை எழுந்து அவரைக் கரைப் பக்கம் தள்ளிவிட்டது.

கடல் அறியாதவர்களுக்கு இது ஒரு சுவையான சம்பவம். எங்களுக்கு அப்படியல்ல. 2004 டிசம்பர் 26ஆம் திகதி எங்கள் கிழக்குக் கரையில் அந்தக் கூக்குரலை ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் எழுப்பினார்கள். தென்னையைக் கட்டிப்பிடித்துக்கொண்டும், கூரை ஓட்டைப் பற்றிக்கொண்டும் நேர்ந்தவர்களை நான் அறிவேன். பிழைத்தவர்களும் நேர்ந்தார்கள், போய்ச் சேர்ந்தவர்களும் நேர்ந்திருப்பார்கள். அடுத்துவந்த வாரங்களில் எங்கள் பள்ளியில் ஸுப்ஹுத் தொழுகைக்கு ஸப்புகள் வாசலைத் தாண்டி நின்றன. ஆறு மாதத்தில் பழையபடி இரண்டு ஸப்புக்கு வந்துவிட்டது. கப்பலில் புயலடிக்கும்போது இறைவனை அழைத்துவிட்டுக் கரையேறியதும் மறந்துவிடும் மனிதனைப் பற்றிக் குர்ஆன் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பேசுகிறது. மலிபுக் கதையில் என்னைத் தொடுவது அந்த அலையல்ல. கரையேறிய பிறகும் அவர் கடனை மறக்காமல், யாரிடம் அதைச் செலுத்துவது என்று தேடிக்கொண்டிருந்ததுதான்.

இன்னொரு தொடர்பையும் சொல்லவேண்டும். அந்தச் சுனாமியைப் பற்றி யூசுப் 2005இல் 'இந்து சமுத்திரம்' என்ற பொருள்படும் பாடலொன்றை வெளியிட்டார். அதில் அவரோடு சேர்ந்து இசையமைத்தவர்களுள் நமது ஏ. ஆர். ரஹ்மானும் ஒருவர். வருமானம் பண்டா ஆச்சேயின் அநாதைப் பிள்ளைகளுக்குப் போயிற்று. ஒரு காலம் கடலில் கையேந்தியவர், இன்னொரு கடலின் அநாதைகளுக்காகப் பாடினார்.

ஜெரூஸலம் போய்வந்த அவரது அண்ணன், 1976இல் குர்ஆன் மொழிபெயர்ப்பொன்றை அவருக்குப் பரிசளித்தார். சூறா யூசுபில் அவர் நின்றுவிட்டார். சந்தையில் விலை பேசப்பட்டு விற்கப்பட்ட ஒரு மனிதரின் வரலாறு அது. இசைச் சந்தையில் தானும் அப்படித்தான் விற்கவும் வாங்கவும் படுகிறேன் என்று அவருக்குத் தோன்றியது. 1977 டிசம்பரில் லண்டன் ரீஜன்ற்ஸ் பார்க் பள்ளியில் கலிமாச் சொன்னார். மறுவருடம் யூசுப் என்ற பெயரைத் தேர்ந்துகொண்டார்.

இங்கே நமது மேடைகள் விட்டுவிடும் ஒரு செய்தி இருக்கிறது. ஒழுக்கத்துக்கு மாறில்லாத பாடல்களாக இருந்தால் தொடர்ந்து பாடலாம் என்றுதான் அந்தப் பள்ளி இமாம் அவரிடம் சொன்னார். கிற்றாரைக் கீழே வை என்று அவர் கட்டளையிடவில்லை. அந்தத் தொழிலைச் சுற்றியிருந்த பெருமையும் சபலமும் தன்னைத் திரும்ப இழுத்துவிடும் என்று பயந்து யூசுபே விலகினார். 1979 நவம்பரில் லண்டன் வெம்பிளியில் சிறுவர் நிதிக்கான கச்சேரியொன்றில் பாடியதோடு மேடையை விட்டார். கிற்றார்களை ஏலத்தில் விற்றுத் தர்மத்துக்குக் கொடுத்தார். விட்டெறிந்தார் என்பது பேச்சாளர்களின் கைச்சரக்கு.

விலகியவர் சும்மா இருக்கவுமில்லை. 1983இல் லண்டனில் இஸ்லாமியா என்ற ஆரம்பப் பாடசாலையைத் தொடங்கினார். ஆங்கிலிக்கன், கத்தோலிக்க, யூதப் பாடசாலைகளுக்கு அரச நிதி கிடைத்துக்கொண்டிருந்த நாட்டில் முஸ்லிம் பாடசாலைக்கு அது மறுக்கப்பட்டது. விண்ணப்பித்தும் மறுக்கப்பட்டும் காலம் போயிற்று. 1998இல்தான் அரச நிதி பெற்ற முதல் முஸ்லிம் பாடசாலைகளுள் ஒன்றாக அது ஆனது. பதினைந்து வருடம்! ஒரு கட்டடத்துக்கு வலயக் கல்விக் காரியாலயப் படியேறிக் களைத்தவர்களுக்கு அந்தப் பதினைந்து வருடத்தின் எடை தெரியும். கிற்றாரை வைத்ததைவிட இதுதான் பெரிய தியாகம் என்று எனக்குப் படுகிறது. ஆனால் இதைச் சொல்லி யாரும் பயானில் அழுததை நான் கண்டதில்லை.

அவரது வாழ்வில் கசப்பான பக்கங்களும் உண்டு. 1989இல் சல்மான் ருஷ்தியின் நாவல் குறித்து அவர் சொன்னவை, கொலைத் தீர்ப்பை ஆதரிப்பதாகச் செய்திகளில் வந்தன. கேட்ட கேள்விக்குச் சட்டம் சொல்வதை விளக்கினேனே தவிர யாரையும் கொல்லும்படி அழைக்கவில்லை என்று பின்னர் கூறினார். சில அமெரிக்க வானொலி நிலையங்கள் அவரது பாடல்களை நிறுத்தின. அந்தச் சொற்கள் இன்றும் அவரை விட்டபாடில்லை. 2004இல் அவர் போன விமானத்தையே அமெரிக்கா வழிமாற்றி இறக்கி, நாட்டுக்குள் விடாமல் திருப்பியனுப்பியது. அதே வருடம் ரோம் நகரில் அவருக்குச் சமாதான விருதொன்றும் கிடைத்தது. வெளியே இருந்தவர்களுக்கு அவர் மிதமிஞ்சிய முஸ்லிம். உள்ளே இருந்த சிலருக்கோ அவர் போதாத முஸ்லிம்.

போதாதவர் ஆனது இசைக்குத் திரும்பியதால். அந்தத் திருப்பத்துக்கு விதை பொஸ்னியாவில் விழுந்தது. போர்க்காலத்தில் அந்நாட்டு வெளிவிவகார அமைச்சராக இருந்த வைத்தியர் இர்பான் லுபியான்கிச், லண்டனில் யூசுபைச் சந்தித்தபோது தான் இயற்றிய பாடலின் ஒலிநாடாவைக் கையில் கொடுத்தார். முழங்கும் பீரங்கிகள் என்னிடமில்லை என்பது அதன் தலைப்பு. 1995 மே மாதம் அவர் பயணம் செய்த ஹெலிகொப்டர் சுட்டு வீழ்த்தப்பட்டு அவர் ஷஹீதானார். முற்றுகைக்குள் கிடந்த முஸ்லிம்கள் பாட்டைப் பிடித்துக்கொண்டு ஈமானையும் தைரியத்தையும் காத்துக்கொண்டதை யூசுப் கண்டார். அந்தத் தலைப்பிலேயே ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டார். பிறகு ஒருநாள் அவரது மகன் வீட்டுக்குள் ஒரு கிற்றாரைக் கொண்டுவந்தான். ஓர் அதிகாலையில் அதைத் தூக்கிப் பார்த்தபோது விரல்கள் பழைய இடங்களை மறந்திருக்கவில்லை. 1978க்குப் பிறகு, 28 வருடம் கழித்து, 2006இல் அவரது புதிய இசைத்தட்டு வந்தது. ஏன் இன்னமும் கிற்றாரைச் சுமக்கிறேன் என்று விளக்கி 2014இல் ஒரு புத்தகமும் எழுதினார்.

2006க்குப் பிறகு எங்கள் ஊர் மேடைகளில் அவர் பெயர் மெல்ல மெல்லக் குறைந்துவிட்டது.

சில வருடங்களுக்கு முன் எங்கள் பாடசாலை மீலாத் விழாவுக்குப் பத்தாந்தரப் பொடியன்கள் றபான் அடித்துப் பைத் பாடுவதற்குப் பழகினார்கள். ஊரில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. கதை கூடிப்போகாமல் இருக்க, றபான் இல்லாமல் வாயால் மட்டும் பாடுவது என்று முடிவாயிற்று. பொடியன்கள் நன்றாகவே பாடினார்கள். அடுத்த நாள் அவர்களில் ஒருவன் என்னிடம் வந்தான். அவனுடைய மூத்தவாப்பா அந்தக் காலத்தில் கந்தூரிகளிலும் கலியாண வீடுகளிலும் றபான் அடித்தவர்.

"அப்ப எங்கட மூத்தவாப்பா செய்தது பாவமா, சேர்?"

நான் பத்வாக் கொடுப்பவனல்ல. தெரிந்ததைச் சொன்னேன். நான்கு மத்ஹபுகளின் அறிஞர்களில் பெரும்பாலோர் இசைக்கருவிகளைத் தடுத்திருக்கிறார்கள் மகன், தொழுகை நோன்புபோல அவர்களும் இதைக் கவலையோடுதான் பார்த்தார்கள். இப்னு ஹஸ்ம் ஆகும் என்றார். இமாம் கஸ்ஸாலி தமது இஹ்யாவில் இதற்கென்றே ஒரு நூற்பகுதியை ஒதுக்கி, கேட்பவன் மனம் எதை நோக்கி அசைகிறது என்பதை நிறுத்துப் பார்த்தார். ஆயிரம் வருடமாக அறிஞர்கள் மரியாதையோடு பேசிய விசயத்தில் உன் மூத்தவாப்பாவின் கபுறுக்கு ஒரு தீர்ப்பை எழுத நமக்கு என்ன அவசரம் என்றேன். யூசுபின் கதையையும் முழுசாகச் சொன்னேன்.

அவன் விடவில்லை. "வெச்ச யூசுப் சரியா, எடுத்த யூசுப் சரியா, சேர்?"

அந்தக் கேள்வியோடு நான் பல நாள் இருந்தேன். இருவரும் ஒருவர்தானே என்பதுதான் எனக்குக் கிடைத்த விடை. வைத்தபோதும் அவர் அல்லாஹ்வுக்குப் பயந்தே வைத்தார், எடுத்தபோதும் அந்தப் பயத்தைக் கழற்றிவைத்துவிட்டு எடுக்கவில்லை. யாரும் கட்டாயப்படுத்தாமல் வைக்கத் தெரிந்த கைக்குத்தான், யாரும் கைதட்டாத இடத்தில் எடுக்கும் உரிமையும் இருக்கிறது. ஈமான் என்பது ஒருநாளில் எடுத்த முடிவு மட்டுமல்ல. அந்த முடிவோடு ஆயுள் முழுக்க நடத்தும் கணக்குப் பார்த்தலும்தான். நாமோ மற்றவர்களின் ஈமானை அது பிறந்த நாளில் மட்டும் கொண்டாடுகிறோம். அது வளர்ந்து, தடுமாறி, நம்மோடு மாறுபடத் தொடங்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். ஒரு சிறுவன் தன் மூத்தவாப்பாவுக்காக வெட்கப்படும் நிலைக்கு வந்திருப்பதற்கும் இந்தக் குணத்துக்கும் தொடர்பிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

தகப்பனும் மகனும் பேசிக்கொள்ளும் ஒரு பாடல் அவருக்கு உண்டு. 1970இல் வந்தது. ரஷ்யப் புரட்சியைப் பற்றித் திட்டமிட்டிருந்த ஓர் இசை நாடகத்துக்காக எழுதப்பட்டது. புரட்சிக்குப் போகத் துடிக்கும் மகன், அவசரப்படாதே என்று தடுக்கும் தகப்பன். இரண்டு பாகத்தையும், தாழ்ந்த குரலில் ஒன்றும் உயர்ந்த குரலில் மற்றதுமாக, அவரே பாடினார். அந்தப் பழைய இசைத்தட்டை முழுக்க மீண்டும் பதிவு செய்து 2020இல் வெளியிட்டபோது ஒரு காரியம் செய்தார். தகப்பனின் பகுதியைத் தனது முதிர்ந்த குரலில் பாடினார். மகனின் பகுதிக்கு, 1970இல் லொஸ் ஏஞ்சலிஸ் மேடையொன்றில் பதிவான தனது 22 வயதுக் குரலையே எடுத்து வைத்தார்.

ஆங்கிலப் பாடவேளையொன்றில் அந்தப் பதிவை வகுப்புக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு குரலும் ஒரே ஆளுடையது, நடுவில் ஐம்பது வருடம் என்று சொன்னபோது வகுப்பு அமைதியாயிற்று. றபான்காரனின் பேரன்தான் முதலில் வாய் திறந்தான்.

"வாப்பா மகனுக்கு ஏசல்ல என்ன, சேர்."

ஏசவில்லைதான். முதிய குரல் இளைய குரலை அடக்கவுமில்லை, திருத்தவுமில்லை. அது பாடி முடியும்வரை காத்திருந்தது.

மூத்தவாப்பாவின் றபான் இப்போதும் தங்கள் வீட்டில் இருப்பதாக மணியடித்த பிறகு அவன் சொன்னான். தோல் தளர்ந்துவிட்டதாம். வெயிலில் வைத்தால் இறுகும் என்று மூத்தம்மா சொல்லியிருக்கிறாவாம்.