காகித அட்டையும் ஒரு கைபேசியும் போதும்

பள்ளி திறப்பதற்குள் வகுப்புக்கு உதவும் இணையக் கருவிகளைத் தேடினேன். எங்கள் அரசுப் பள்ளிக்குத் தேறியவை இரண்டு.

ஒன்று, பிளிக்கர்ஸ். பிள்ளைகளிடம் கைபேசி வேண்டாம். ஆளுக்கொரு காகித அட்டை போதும். அதில் கறுப்பு வெள்ளைக் கட்டம், நான்கு பக்கமும் பொடி எழுத்தில் ஏ, பி, சி, டி. நான் கேள்வி கேட்டதும், தன் விடைக்கான எழுத்து மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். என் கைபேசி கேமராவை ஒருமுறை வகுப்பின் குறுக்கே ஓட்டினால், யார் என்ன விடை என்று திரையில் வந்துவிடும். ஆளுக்கு ஆள் கட்டம் வேறு என்பதால் பக்கத்து அட்டையைப் பார்த்துக் காப்பியடிக்க வழியில்லை. எப்போதும் கை தூக்கும் நாலு பேரோடு கடைசி பெஞ்சும் விடை சொல்கிறது.

மற்றொன்று, ஃபெட். அறிவியல் சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்க உதவும் கருவி. 2001இல் இயற்பியல் நோபல் பெற்ற கார்ல் வைமன், 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இலவசம், தமிழிலும் உண்டு, தரவிறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். அதன் மின்சுற்றுச் சோதனையில் பேட்டரி, பல்பு, ஒயரை இழுத்து இணைத்தால் எலக்ட்ரான் நகர்வது தெரியும். தொடரில் இன்னொரு பல்பைச் சேர்த்தால் வெளிச்சம் மங்கும். பல்பே இல்லாமல் பேட்டரியின் இரு முனைகளையும் ஒயரால் இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும். குறுக்குச்சுற்றை இதைவிடப் பத்திரமாகக் காட்ட முடியாது.

ஆசிரிய நண்பர்களே, புதிதாக வந்த கருவி என்பதற்காக எதையும் எடுக்காதீர்கள். பெற்றோருக்குச் செலவு வைக்காமல் கடைசி பெஞ்ச் வரை எட்டுமா என்று பாருங்கள். அப்படி ஏதேனும் கைவசம் இருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.