4,000 ரூபாய்க்கு ஒரு ராஜசபை

நாடகத்துல ராஜா வேஷம் கட்டுறவர் போடுற வெல்வெட் கோட்டு ஒண்ணு என்ன விலை வரும்னு உங்களுக்குத் தெரியுமா? போன மாசம் வரைக்கும் எனக்கும் தெரியாது. நல்ல வெல்வெட் எடுத்து, கையால சரிகை வேலை பார்த்து, சம்கி வச்சுத் தைச்சா ஒரு கோட்டுக்கே 7,000, 8,000 ஆகும்னு மதுரையில ஒரு தையல்காரர் சொன்னாரு. அவர்கிட்டதான் நான் 11 உடுப்பையும் ஒரு தகரப் பெட்டியையும் சேர்த்து 4,000 ரூபாய்க்கு வாங்கிட்டு வந்திருக்கேன்.

தை மாசக் கடைசியில மதுரையில சொந்தக்காரங்க வீட்டுப் பால்காய்ப்பு. சனிக்கிழமை போய்த் தங்கிட்டு, ஞாயித்துக்கிழமை ஊருக்குத் திரும்புறதா திட்டம். இங்க மக்காச்சோளம் ஒடிச்சுக் களத்துல கிடக்கு. நல்ல தார்ப்பாய் ஒண்ணு வாங்கிட்டு பஸ் ஏறலாம்னு மச்சினனைக் கூட்டிக்கிட்டு கோயில் பக்கம் கடை தேடிப் போனேன். ஒரு சந்துக்குள்ள பழைய தையல் கடை. வாசல்ல கயிறு கட்டி, அதுல சிவப்பு, பச்சை, ஊதான்னு வெல்வெட் கோட்டா தொங்குது. வெயில் பட்டு ஜிகினா மின்னுது. தார்ப்பாய் மறந்து போச்சு.

கடைக்காரருக்கு 70 வயசுக்கு மேல இருக்கும். "என்ன பாய், விக்கிறதுக்கா?"ன்னு கேட்டேன். "ஆமா தம்பி, கடையைக் காலி பண்றேன். எடுக்கிறதுன்னா மொத்தமா எடுத்துக்கங்க"ன்னாரு.

மதுரைக்காரங்களுக்குப் புதுமண்டபம் தெரியும். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிர்ல திருமலை நாயக்கர் கட்டினது. பேருதான் புது, வயசு முன்னூறுக்கு மேல. ரொம்ப காலம் அதுக்குள்ள புத்தகக் கடை, பாத்திரக் கடை, தையல்காரங்கன்னு ஜேஜேன்னு இருக்கும். சித்திரைத் திருவிழாவுல அழகருக்குத் தண்ணி பீய்ச்சுறவங்க போடுற உடுப்பெல்லாம் அங்க தைக்கிறதுதான். இப்ப அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்திட்டாங்க. பாய் சின்ன வயசுல புதுமண்டபத்துலதான் மிஷின் மிதிச்சுப் பழகினாராம். அப்புறம் தனியா வந்து, நாடக உடுப்பு தைச்சு வாடகைக்கு விட்டிருக்காரு.

யாரு வாடகைக்கு எடுப்பாங்கன்னு கேட்டேன். மதுரைப் பக்கம் ஸ்பெஷல் நாடகம்னு ஒண்ணு உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துக் கொடுத்த பாதையில, ராத்திரி 10 மணிக்கு ஆரம்பிச்சா விடிய விடிய நடக்கும். ராஜபார்ட் ஒரு ஊரு, ஸ்திரீபார்ட் ஒரு ஊரு, பபூன் ஒரு ஊரு. ஒத்திகை கிடையாது, மேடையிலதான் சந்திப்பாங்க. அந்த நடிகர்கள் தங்களுக்குன்னு சொந்த உடுப்பு வச்சிருப்பாங்க. பாய்கிட்ட வந்தது அவங்க இல்ல. பங்குனி, சித்திரையில கோயில் கொடைக்குத் தாங்களே நாடகம் போடுற கிராமத்து இளவட்டங்க. எங்க ஊரு மாதிரி.

மச்சினன், "அத்தான், இதெல்லாம் நமக்கெதுக்கு?"ன்னான். நான் கேட்கலைன்னு தெரிஞ்சதும், பாய் சொன்ன 4,000-த்தை 2,000-க்குக் கேட்டான். பாய் மறுத்து ஒரு வார்த்தை பேசல. பெட்டியைப் பார்த்துக்கிட்டு நின்னாரு. வெங்காயத்தைக் கமிஷன் கடையில இறக்கிட்டு, திரும்ப ஏத்திட்டுப் போக வண்டி வாடகைக்கு வழியில்லாம, சொன்ன விலைக்குத் தலையாட்டுறவனுக்குத்தான் அப்படி நிக்கிறது என்னன்னு தெரியும். நான் நின்னிருக்கேன். மச்சினனைப் பேச்சை நிறுத்தச் சொல்லிட்டு 4,000-த்தை எண்ணிக் கொடுத்தேன். அவரு ரெண்டு தகரக் கத்தியும் ஒரு வெள்ளைக்காரன் தொப்பியும் சும்மாவே போட்டுக் கொடுத்தாரு. "வெல்வெட்டை வெயில்ல போடாதீங்க தம்பி, நிழல்ல ஆத்துங்க"ன்னு ரெண்டு தடவை சொன்னாரு.

இவ்வளவு மலிவா ஏன் வந்துச்சு? துணி இத்துப் போகல. சரிகை கறுக்கல. கழுத்துப் பட்டையில அரிதாரக் கறை இருக்கு, அவ்வளவுதான். போடுறதுக்கு ஆள் இல்ல, அதனாலதான் இந்த விலை. எங்க ஊரும் அதுக்கு ஒரு காரணம்.

எங்க ஊர்லேருந்து பாஞ்சாலங்குறிச்சி ரொம்ப தூரம் இல்ல. 1959-ல சிவாஜி படம் வந்த பிறகு, பங்குனிப் பொங்கலுக்குக் கட்டபொம்மன் நாடகம் போடுறது எங்க ஊர்ல வழக்கமாச்சு. நான் பொடியனா இருந்தப்ப மேடைக்கு முன்னால சாக்கை விரிச்சு இடம் பிடிப்போம். 1798-ல ராமநாதபுரத்துல கலெக்டர் ஜாக்சனைக் கட்டபொம்மன் சந்திச்சாரில்லையா, அந்தக் கட்டத்துக்குத் தூங்குற பிள்ளைகளையெல்லாம் எழுப்பி உக்கார வச்சிருவாங்க. 1799 அக்டோபர் 16, கயத்தாறு. தூக்குமேடைக் கட்டம் வரும்போது விடிஞ்சிரும். பொம்பளைங்க அழுதுக்கிட்டே எந்திரிச்சு வாசல் தெளிக்கப் போவாங்க.

நிஜமான கட்டபொம்மன் இந்த மாதிரி வெல்வெட் கோட்டைப் போட்டிருப்பாரான்னா, எங்க கரிசக்காட்டு வெயிலைப் பார்த்தவங்க யாரும் நம்ப மாட்டாங்க. நாடகத்து ராஜா உடுப்புங்கிறது, 19-ஆம் நூற்றாண்டுக் கடைசியில பார்சி நாடகக் கம்பெனிகள் இங்க வந்து ஆடினப்போ பிடிச்சுக்கிட்ட பாணி. அரிச்சந்திரனும் அதையேதான் போடுவாரு, கட்டபொம்மனும் அதையேதான் போடுவாரு. ஜாக்சன் பட்டாளத்துக்காரர் இல்ல, கலெக்டர். ஆனா எங்க மேடையில வெள்ளைக்காரன்னா சிவப்புக் கோட்டுதான்.

அந்த நாடகத்துல எந்த வேஷம் எந்தத் தெருவுக்குன்னு எழுதாத சட்டம் ஒண்ணு இருந்துச்சு. கட்டபொம்மன் எங்க மேலத்தெருவுக்கு. தளபதி சுந்தரலிங்கம் கீழத்தெருவுக்கு. யாரும் வாயைத் திறந்து சொன்னதில்ல, எல்லாருக்கும் தெரியும். எட்டப்பன் வேஷத்துக்கு மட்டும் எந்தத் தெருவுலயும் ஆள் கிடைக்காது. ஒரு வருஷம் நடிச்சுத் தொலைச்ச ஒரு மாமாவைச் சாகிற வரைக்கும் எட்டப்பன்னேதான் கூப்பிட்டாங்க.

90-கள் நடுவுல தெக்கத்தி ஜில்லாவுல சாதிக் கலவரம் நடந்துச்சு. எங்க ஊர்ல ரத்தம் சிந்தல. ஆனா பேச்சு நின்னுச்சு. ரெண்டு தெருப் பையன்களும் ஒரே மேடையில நிக்க மாட்டோம்னாங்க. அந்த வருஷம் நாடகம் இல்ல. அடுத்த வருஷமும் இல்ல. அப்புறம் யாரும் கேக்கவே இல்ல. பொங்கலுக்கு ஆர்கெஸ்ட்ரா வந்துச்சு. பாய் கடைக்கு இதே மாதிரி எத்தனை ஊர் போறதை நிறுத்துச்சோ!

பெட்டி வந்த சேதி ஊருக்குள்ள பரவ ஒரு நாள்கூட ஆகல. ரெண்டு தெருப் பையன்களும் திண்ணையில வந்து நின்னாங்க. நான் உடுப்பை ஒவ்வொண்ணா எடுத்து வேப்பமரத்து நிழல்ல கொடியில போட்டேன். கீழத்தெருப் பையன் ஒருத்தன், பாலிடெக்னிக் படிக்கிறவன், சிவப்புக் கோட்டையும் தொப்பியையும் தாண்டிப் போய், மயில் பச்சையில இருந்த ராஜா கோட்டை எடுத்து மாட்டினான். தைச்சு வச்ச மாதிரி இருந்துச்சு. கூட இருந்த பயலுக விசிலடிச்சானுங்க.

திண்ணையில எங்க பெரியப்பா முறை ஒருத்தர் உக்காந்திருந்தாரு. "அது உனக்குள்ளது இல்லப்பா. அந்த நீலத்தை எடுத்துக்கோ"ன்னாரு. கோபமா சொல்லல. சாதாரணமாத்தான் சொன்னாரு. விசில் நின்னு போச்சு. பையன் பொத்தானைக் கழட்ட ஆரம்பிச்சான்.

என் வீட்டுக்காரி காபித் தம்ளரைக் கொண்டு வந்தவ, "மாமா, அளவு சரியா இருக்கு. உடுப்புக்கு வேற என்ன பார்க்கணும்?"ன்னா. பெரியப்பா பதில் சொல்லல. காபியை வாங்கிக்கிட்டாரு. பையன் கோட்டைக் கழட்டி மடிச்சு என் கையில கொடுத்துட்டுப் போயிட்டான்.

அன்னைக்கு ராத்திரி அந்தக் கோட்டை உள்புறம் திருப்பிப் பார்த்தேன். ரெண்டு விலாப்பக்கத் தையல்லயும் மூணு வரிசை ஊசித் தடம். ஒல்லியான ஆளுக்குப் பிடிச்சுத் தைச்சு, தடியான ஆளுக்குப் பிரிச்சு விட்டு, திரும்பப் பிடிச்சுன்னு பாய் எத்தனை ஊரு ராஜாவுக்கு இதை அளவு பார்த்திருப்பாரு! எந்த ஊர்ல எந்தத் தெருக்காரன் போட்டான்னு அந்தக் கோட்டுல எங்கயும் எழுதியில்ல. எல்லார் வேர்வையும் ஒரே காடாத்துணி லைனிங்லதான் ஊறியிருக்கு.

மறுநாள் அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். அவன் அப்பாவும் நானும் பள்ளிக்கூடத்துல ஒண்ணாப் படிச்சவங்க. அவரு வீட்டுப் படியில உக்காந்து நான் பேசி 25 வருஷத்துக்கு மேல இருக்கும். நாடகம் போட்டா உன் மகன்தான் ராஜான்னேன். "உன் தெரு ஒத்துக்குமா?"ன்னு கேட்டாரு. தெரியாதுன்னுதான் சொன்னேன். "சரி, முதல்ல வசனம் படிக்கட்டும்"னாரு.

இதை எழுதுற இன்னைக்கு வரைக்கும் 9 பேரு பேர் கொடுத்திருக்காங்க. கீழத்தெருவுல 5, எங்க தெருவுல 4. எங்க தெருவுல ரெண்டு வீட்டுல பையன்களை அனுப்ப மாட்டோம்னுட்டாங்க. பெரியப்பா இன்னும் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசல. ஆனா அவரு பேரன் அந்த 4 பேர்ல ஒருத்தன். மக்காச்சோளத்தை அள்ளினதும் ஒத்திகை எங்க களத்துலதான். பங்குனிப் பொங்கலுக்கு மேடை ஏறுமா, இந்த வருஷம் வசனத்தோட நின்னு போகுமா, சொல்ல முடியாது. ஏறினா கண்டிப்பா எழுதுறேன், முடிஞ்சவங்க வாங்க. பாய்க்கும் சொல்லி அனுப்பணும்.

ஒரு வேஷத்துக்கு மட்டும் வழக்கம்போல ரெண்டு தெருவுலயும் ஆள் கிடைக்கல. அதுக்கு நான் பேர் கொடுத்துட்டேன். இனிமே ஊர்ல என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவாங்கன்னு உங்களுக்கே தெரியும்.