எல்லா மூச்சுத்திணறலுக்கும் ஒரே மெஷின் இல்லை

பெரியப்பாவுக்கு சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். "ஒரு ஆக்சிஜன் மெஷின் வாங்கி வெச்சுருங்க கண்ணு" என்று மோகனூரில் பார்க்கிறவர்களெல்லாம் சொல்கிறார்கள். 2021 மே மாதம் கொரோனாவில் ஆக்சிஜனுக்கு அலைந்த பயம் யாருக்கும் இன்னும் போகவில்லை.

அவர்கள் சொல்லும் ஆக்சிஜன் மெஷின், அதாவது கான்சன்ட்ரேட்டர், அறைக்காற்றை இழுத்து, ஜியோலைட் என்ற பொருளில் நைட்ரஜனைப் பிடித்துவைத்துக்கொண்டு, 90 முதல் 95 சதவீதம் வரை சுத்தமான ஆக்சிஜன் தரும். கரண்ட் போனால் நின்றுவிடும். பக்கத்தில் சிலிண்டர் வேண்டும்.

சிபாப், பைபாப் மெஷின்களின் வேலையே வேறு. இவை காற்றை அழுத்தத்தோடு அனுப்புகின்றன. சிபாப்பில் ஒரே அழுத்தம். தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான். பைபாப்பில் மூச்சை இழுக்கும்போது அழுத்தம் அதிகம், விடும்போது குறைவு. உடம்பில் தேங்கும் கரியமில வாயு வெளியேற இது உதவும். பெரியப்பாவுக்கு டாக்டர் எழுதியது பைபாப்.

முதல் ராத்திரியே மாஸ்க்கைப் பிடுங்கிப் போட்டார். மூக்குத்தண்டில் சிவப்பாகத் தடம். அளவு மாற்றி, பட்டையைக் கொஞ்சம் தளர்த்திய பிறகுதான் தூங்கினார். மெஷின் விலையை எவ்வளவோ விசாரிக்கிறோம், மாஸ்க் பொருந்துகிறதா என்று கேட்பதே இல்லை.

இன்னொன்று. சிஓபிடிக்காரர்களுக்கு ஆக்சிஜன் வைக்கும்போது ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 சதவீதம் வரை இருந்தாலே பொதுவாகப் போதும். 99 காட்டட்டும் என்று நாமாகக் கூட்டினால் கரியமில வாயு ஏறி மயக்கம் வரை போகலாம். தயவுசெய்து ஆக்சிஜன் குமிழைத் திருகாதீர்கள். நுரையீரல் டாக்டரைப் பார்த்து, ரத்த வாயுப் பரிசோதனை தேவையா என்று கேட்டுவிட்டு மெஷின் வாங்குங்கள். ஆள் குழறிப் பேசினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.