12 மில்லிமீற்றர் மூக்கு

கொழும்பு ரேஸ்கோர்ஸில் இப்போது ரக்பி விளையாடுகிறார்கள். 1942 ஏப்ரல் 9 காலை அந்தத் திடலிலிருந்துதான் பிரிட்டிஷ் விமானப்படையின் 11ஆம் ஸ்குவாட்ரனின் பிளெனிம் குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பின. கிழக்குக் கடலில் ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் கப்பற்படையைக் கண்டுபிடித்துத் தாக்கியவை 9. 11,000 அடி உயரத்திலிருந்து போட்ட குண்டுகளில் ஒன்றும் படவில்லை. 5 விமானங்கள் திரும்பவில்லை.

இதைப் பற்றி நான் எழுதிய குறிப்பொன்றை வாசித்த நண்பர், "பாமன்கடையில ஒராள் அந்தப் பிளேனைச் செய்துகொண்டிருக்கிறார், போய்ப் பாரும்" என்றார்.

ஹை ஸ்ட்ரீட்டிலிருந்து பாமன்கடைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடி அறை. எழுபதை நெருங்கும் அந்த ஐயா யாழ்ப்பாணத்தவர். செயற்கைப் பல் கட்டும் டெக்னீசியனாகவே காலம் முழுவதும் வேலை செய்தவர். பல்லும் பிளேனும் ஒரே மேசையில்தான்.

அவருக்கு வந்திருந்த ஓடர் இரண்டு மாதிரி விமானங்கள். ஒன்று 1942இல் கொழும்பில் நின்ற பிளெனிம் மார்க் 4. மற்றது, அதே ஸ்குவாட்ரன் 1939இல் ரிசால்பூரில் முதன்முதலாகப் பெற்ற மார்க் 1. கையில் இருந்ததோ பாகங்களைப் பொருத்திச் செய்யும் மார்க் 4 பெட்டிகள் இரண்டு, 72இல் ஒரு பங்கு அளவில். மார்க் 1க்குத் தனிப் பெட்டி வெளிநாட்டில் கிடைக்கும். இங்கே அதை எடுப்பிக்கும் செலவில் இன்னொரு பிளேனே செய்துவிடலாம் என்றார்.

"புதுசைப் பழசாக்கிறது லேசில்லைத் தம்பி."

மார்க் 1இன் நீளம் 12.12 மீற்றர், மார்க் 4 12.98. முன்னால் இருப்பவர் வரைபடம் விரிக்க இடம் போதாதென்று மூக்கை நீட்டினார்கள். நீட்டியதும் விமானியின் பார்வை மறைந்தது. அதனால் மூக்கின் இடப்பக்க மேல்தளத்தைக் குடைந்து தாழ்த்தினார்கள். மார்க் 4இன் முகம் கோணலாக இருப்பது அதனால்தான். மாதிரியில் அந்த நீட்டம் வெறும் 12 மில்லிமீற்றர். ஆனால் அதை வெட்டிவிட்டால் மார்க் 1 வந்துவிடாது. அதன் மூக்கு இருபக்கமும் ஒத்த உருண்டை, முழுக்கக் கண்ணாடிக் கட்டங்கள். அதைப் புதிதாகத்தான் உண்டாக்க வேண்டும்.

அதற்கு அவர் எடுத்தது ஒரு லெக்ரோன் கார்வர். பேனையளவு எஃகு; ஒருமுனை கத்தி, மறுமுனை குட்டிக் கரண்டி. பல்லுக்கு மெழுகு செதுக்கும் கருவி. முதல் வேலைக்குச் சேர்ந்த லாபில் தொழில் பழக்கியவர் கொடுத்ததாம். 1983 இனக்கலவரத்தில் வீட்டை விட்டு ஓடியபோது சட்டைப்பையில் இருந்தது இது ஒன்றுதான் என்றார். பிறகு முகாம், யாழ்ப்பாணம், மறுபடியும் கொழும்பு. எந்த லாபில் போய் நின்றாலும் சான்றிதழ் கேட்கவில்லையாம். இதைக் கையில் எடுத்து ஒரு கடைவாய்ப்பல் செதுக்கிக் காட்டினாராம், அன்றைக்கே வேலை.

வெட்டிய உடலின் முனையில் சிவப்பு மெழுகை உருக்கி வைத்தார். செதுக்கினார். பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியைப் பக்கவாட்டில் பிடித்து, இடமும் வலமும் ஒத்திருக்கிறதா என்று பார்த்தார். மறுபடி செதுக்கினார். மேலே வரப்போகும் பிளாஸ்டிக் கண்ணாடியின் தடிப்பளவு மெழுகைக் குறைத்துவைக்க வேண்டும், இல்லாவிட்டால் மூக்கு வீங்கிவிடும். பிறகு வாய்க்கு அளவெடுப்பதுபோலவே அல்ஜினேட் குழைத்து அச்செடுத்து, அதற்குள் டென்டல் ஸ்டோன் வார்த்தார். இறுகிய கல்மூக்கின்மேல், சூடுகாட்டிய சேட்டுப் பெட்டியின் தெளிந்த பிளாஸ்டிக் மூடியை இழுத்து அழுத்தினார். சூடு குறைந்தால் வளையாது. கூடினால் வெள்ளை பிடித்துவிடும். மூன்று மூடிகள் குப்பைக்குப் போனபின் ஒன்று தெளிவாக வந்தது.

மார்க் 1க்கு வேண்டாதவை என்று, இறக்கையின் கீழிருந்த எரிபொருள் கொட்டும் குழாய்களைச் சீவியதையும், மூக்கின் அடித் துப்பாக்கியை விட்டுவிட்டதையும் காட்டினார். வண்ணம் கலக்கும் கணக்கு எனக்கு ஏறவில்லை, விடுகிறேன்.

இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டில் உண்மையான பிளெனிமுக்கே இந்தச் சத்திரசிகிச்சை நடந்தது. மார்க் 4 உருவில் பறந்துகொண்டிருந்த அது 2003இல் விபத்துக்குள்ளானது. மீளக் கட்டியபோது மார்க் 1இன் மூக்கொன்றைப் பொருத்தினார்கள். அந்த மூக்கு போருக்குப்பின் ஓஸ்ரின் 7 காரொன்றின் அடிச்சட்டத்தில் ஏறி, மின்சாரக் காராக வீதியில் ஓடியது! 2014 நவம்பரில் அந்த விமானம் மறுபடி வானேறியது. "பாத்தீரே, அவங்களுக்கு மூக்கு கிடைச்சது. நான் செய்யவேண்டிக் கிடக்கு" என்று சிரித்தார்.

காசுப் பேச்சு வந்ததும் சிரிப்பு நின்றது. ஓடர் தந்தவர் விமானம் சேர்ப்பவர் அல்லர். கொழும்பு 7இல் அன்பளிப்புப் பொருட்கள் விற்கும் கடைக்காரர். வாரக்கணக்கான வேலைக்கு ஐயாவுக்குக் கிடைப்பதைப்போல் நாலு மடங்கு, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்ததும் விலையாகிறது. பெட்டியில் கடையின் பெயர் இருக்கும், செய்தவர் பெயர் இராது. பல்லிலும் இதுதான் நடந்தது. நோயாளியின் கையில் டொக்டரின் ரசீது. சிரிக்கிற பல்லைச் செதுக்கியவன் யாரென்று எந்த வாயும் அறியாது. நடுவில் நிற்பவருக்குக் கடைவாடகை இருக்கிறது, மின்கட்டணம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மெழுகின்முன் குனிந்த கழுத்துக்கு வாடகை யார் கொடுப்பது? கைத்தொழில் அழிகிறது என்று மேடைகளில் கண்ணீர் விடுகிறோம். அது தானாக அழிவதில்லை. செய்பவனையும் வாங்குபவனையும் சந்திக்கவிடாமல் நடுவில் ஒரு சுவர் எழுப்பி, அந்தச் சுவருக்கும் சேர்த்து அவர்களிடமே காசு வாங்குகிறோம்.

இதையெல்லாம் எழுதப்போகிறேன், உங்கள் விலையையும் போடட்டுமா என்று கேட்டேன்.

"விலையை எழுதாதேயும் தம்பி. ஆக்கள் நேரே வந்தால் நானே சொல்லுறன். கடைக்காரன் வாசிச்சால் அதையும் குறைச்சுப்போடுவான்."